மூன்றாம் நாள் எடுத்த படம்

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் தங்கை நேராக என் எக்ஸ்ரே அறைக்கு வந்து நின்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் நான் பதினாறு வருடங்களாக எக்ஸ்ரே எடுக்கிறேன். கை முறிந்தவர்கள், விடாமல் இருமுகிறவர்கள், பொத்தானை விழுங்கிய குழந்தைகள் என்று என் மெஷின் முன்னால் நிற்காத ஆளில்லை. கூடப் பிறந்தவள் நின்றது அன்றைக்குத்தான்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். ஒன்றரை வயதில் திறந்த வாயை அப்புறம் மூடவே இல்லை என்பாள் அம்மா. காய்ச்சலிலும் அது மூடவில்லை.

"அக்கா, தலை வெடிக்குது. யாரோ உடம்பை அடிச்சுத் துவைச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு. உன் மெஷின்ல ஒரு படம் எடு. உள்ள என்னதான் ஓடுதுன்னு பாப்போம்."

"இருமல் இருக்கா?"

"இல்லை."

"சளி?"

"அதுவும் இல்லை. அழகு மட்டும்தான் இருக்கு."

"டாக்டரைப் பாத்தியா?"

"பாக்கத்தான் கிளம்பினேன். அவரும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். கீழ வரிசையைப் பாத்தியா நீ? படிக்கட்டு வரைக்கும் நிக்குறாங்க. என் முறை வர்றதுக்குள்ள காய்ச்சலே அலுத்துப் போய்க் கிளம்பிடும்."

அவர் என்றால் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் படம் எடுக்கக் கூடாது. எடுத்தேன். காலையில் மெஷினைச் சரிபார்க்க நாங்கள் போடும் சோதனைப் பதிவில், பெயர் எழுதாமல் எடுத்தேன். தங்கச்சிதானே.

திரையில் அவள் நெஞ்சு வந்தது. எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகத் தெரியும். எலும்பு, தண்ணீர், சீழ் எல்லாம் வெள்ளை. அதனால் நல்ல நுரையீரல் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்திருக்கிறது. அவளுடையது இரண்டு பக்கமும் நல்ல கறுப்பு.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என் மனசுல யார் இருக்காங்கன்னு தெரியுதா?"

"உன் புருஷன் இருக்கார். கையில ஸ்பேனரோட."

சிரித்தாள். சிரித்ததும் தலைவலி கூடிவிட்டதுபோல, நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குடி. இது சாதாரண வைரஸ் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கிட்டு ரெண்டு நாள் படு."

"அப்ப டாக்டரைப் பாக்க வேண்டாமா?"

"எதுக்கு? அதான் நான் சொல்றேன்ல."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அவள் என் பையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, வரிசையைத் தாண்டி, வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் நில அளவைக் குழுவில் வேலை பார்த்தாள். ஊருக்கு வெளியே புதுச் சாலை வரப்போகிறது. அதற்காக ஐந்து பேர் தினமும் வேனில் போய், முக்காலியை நட்டு, கருவியை வைத்து, முழங்கால் உயரப் புல்லில் நடந்து நடந்து அளந்தார்கள். கருவிக்கு எதிரே கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் பேசலாம். எனக்கென்றே செய்த வேலை என்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என் நினைப்பு அவள் வேலைப் பக்கம் போகவில்லை. படம் சுத்தமாக இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை மாப்பிள்ளை போன் செய்தார்.

"அண்ணி, இவ என்னென்னமோ பேசுறா. குளியலறைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. உதடு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"நீலமா."

அவர்கள் வந்து சேர்ந்தபோது அவசரப் பிரிவு வாசலில் நான் ஸ்ட்ரெச்சரோடு நின்றேன். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி எழுபத்தெட்டு காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். என்னைப் பார்த்தாள். "அக்கா, கம்பை யாராவது பிடிங்க, நான் அசைஞ்சிட்டேன்" என்றாள்.

அவளுடைய இரண்டாவது படத்தையும் நான்தான் எடுத்தேன். இந்தத் தடவை டாக்டர் சீட்டு இருந்தது, பெயர் இருந்தது. திரையில் வந்ததைப் பார்த்துத் தவறான ஆளுடையது என்றே முதலில் நினைத்தேன். இரண்டு பக்கமும், மேலிருந்து கீழ் வரை, பஞ்சை அடைத்ததுபோல வெள்ளை. அதில் இதயம் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை. மூன்று நாளுக்கு முன்னால் நான் கண்ணாடி என்று சொன்ன அதே நெஞ்சு.

நுரையீரல் டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. படத்தைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார், என்னைக் கேட்டார்.

"வீட்ல நாய், பூனை, மாடு ஏதாவது?"

"எதுவும் இல்லை டாக்டர்."

"வெளியூர் போனாங்களா?"

"இல்லை."

இரண்டும் உண்மைதான். புல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிமோனியாவுக்கான மருந்துகளை உடனே ஆரம்பித்தார்கள். அன்று மதியமே அவளைத் தூங்கவைத்து, தொண்டையில் குழாய் இறக்கி, வென்டிலேட்டரில் இணைத்தார்கள். ரேடியோவை யாராவது அணைங்களேன் என்று காலமெல்லாம் சலித்துக்கொண்ட அம்மா, ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நின்று, "ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, ஒரே ஒரு வார்த்தை" என்று போகிற வருகிற நர்ஸையெல்லாம் கேட்டாள்.

மறுநாள் காலை நர்ஸ் அவள் தலைமுடியைச் சீவிப் பின்னலாகக் கட்டும்போது, காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்தாள். சிகரெட் நெருப்பால் சுட்ட அளவுக்கு ஒரு சின்ன வட்டம். சுற்றிலும் சிவப்பு. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து எங்கள் மூவரையும் உட்காரவைத்தார்.

"உண்ணி கடிச்ச இடம் அது. இவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

மாப்பிள்ளை சொன்னார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "சாயங்காலம் வந்து சொல்லுவா டாக்டர். இன்னிக்குப் பேண்ட்ல நாலு பேர் ஓசிப் பயணம் வந்தாங்க, தட்டிவிட்டேன்னு. நாங்க சிரிப்போம்."

"அஞ்சாவதா ஒண்ணு தலைக்கு ஏறியிருக்கு. அது ரத்தம் குடிக்கும்போது அதுக்குள்ள இருந்த கிருமி இவங்க ரத்தத்துல கலந்துடுச்சு. அந்தக் கிருமி ரத்தக் குழாயோட உள்சுவரைக் கெடுக்கும். சுவர் கெட்டா தண்ணி கசியும். நுரையீரல்ல காத்து நிக்க வேண்டிய பை எல்லாத்துலயும் இப்போ தண்ணிதான் நிக்குது."

"மருந்து இருக்கா?"

"இருக்கு. ரொம்பப் பழைய மருந்து. எந்த மருந்துக் கடையிலயும் கிடைக்கும். ஆரம்பிச்சாச்சு. முதல் அஞ்சு நாளுக்குள்ள குடுத்துட்டா பெரும்பாலும் பிழைச்சிடுவாங்க."

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணினார். ஏழாவது விரலில் நிறுத்தினார்.

"அந்த மருந்து கிருமியைக் கொன்னுடும்" என்றார் டாக்டர். "கெட்டுப்போன நுரையீரலை அது சரிபண்ணாது. அது தானாத்தான் ஆறணும். ஆறுற வரைக்கும் மெஷின் மூச்சு விடும்."

மாப்பிள்ளை கைகளைப் பிசைந்தார். "லிஃப்ட்ல ஒரு பாகம் போனா கழட்டி வேற மாட்டிடுவோம் டாக்டர். நடுவுல ஆள் மாட்டிக்கிட்டா, மேல போய்ச் சக்கரத்தைக் கையாலயே சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வெளிய எடுப்போம். அந்த மாதிரி ஏதாவது..."

"அதைத்தான் இப்போ பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றார் டாக்டர்.

அவர் எழுந்து போகும்போது பின்னாலேயே ஓடினேன். நடைபாதைத் திருப்பத்தில் அவரை நிறுத்தி, மூன்றாம் நாள் படத்தைப் பற்றிச் சொன்னேன். சீட்டு இல்லாமல் எடுத்ததையும் சொன்னேன்.

"சுத்தமா இருந்திருக்குமே" என்றார்.

"ஆமா."

"படம் பொய் சொல்லலை. அன்னிக்கு நோய் ரத்தத்துல இருந்தது. நெஞ்சுக்கு வந்திருக்காது."

"உங்ககிட்ட அனுப்பியிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"சத்தியமா சொல்ல முடியாது. நானும் வைரஸ் காய்ச்சல்னு அனுப்பியிருக்கலாம். ஆனா என்ன வேலைன்னு கேட்டிருப்பேன். கேட்டிருந்தா, தலையைத் தடவிப் பாத்திருப்பேன்."

ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அவரிடம் போய்க் கேட்டேனோ என்னவோ.

அதன் பிறகு தினமும் காலை அவளுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு, சக்கரம் வைத்த மெஷினை உருட்டிக்கொண்டு நாங்களே போவோம். என்னோடு வேலை பார்க்கும் பெண், "நான் போறேன் அக்கா, நீங்க உக்காருங்க" என்றாள். நான் விடவில்லை. முதுகுக்கு அடியில் வைக்கும் தட்டு சில்லென்று இருக்கும். மயக்கத்தில் இருப்பவளுக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு துண்டில் சுற்றி, என் வயிற்றோடு கட்டிக்கொண்டு, சூடாக்கித்தான் கொண்டு போவேன். நான்கு பேர் அவளைத் தூக்குவார்கள், நான் தட்டைச் செருகுவேன். "படம்!" என்று சத்தம் கொடுப்பேன். எல்லோரும் விலகிப் போவார்கள். கதிரைத் தடுக்கும் ஈய அங்கியோடு நான் மட்டும் இரண்டடி தள்ளி நின்று பொத்தானை அழுத்துவேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. சிவப்புப் புள்ளிகள் மங்கின. ரத்தப் பரிசோதனை எண்கள் ஒவ்வொன்றாகச் சரியாகின. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது.

"அதான் காய்ச்சல் விட்டுடுச்சே, இன்னும் எதுக்குத் தூங்கவைக்கிறாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நெஞ்சு இன்னும் தேறலைம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல வெள்ளையா இருக்கு. கறுப்பு வரணும்."

நுரையீரல் நன்றாக விரிவதற்காக, ஒரு நாளில் பதினாறு மணி நேரம் அவளைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். கன்னம் வீங்கி, கண் இமைகள் உப்பி, ஆளே வேறாகிவிட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வென்டிலேட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மெஷின்களின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆள் அவர். இதில் மட்டும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் நாள் படத்தில், இடது பக்கம் மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு தெரிந்தது. நான் மூன்று தடவை பார்த்தேன். டாக்டரும் பார்த்துத் தலையசைத்தார். வெளியே ஓடிவந்து, "கறுப்பு தெரியுதும்மா!" என்றேன். அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நடைபாதையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் போய், "என் சின்னப் பொண்ணுக்குக் கறுப்பு தெரியுதாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

அன்று பிற்பகல் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். குழாய் இருந்ததால் பேச முடியாது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் எத்தனாவது மாடியில் நின்றது என்று வரிசையாகச் சொன்னார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவள் உதடு குழாயைச் சுற்றி லேசாக அசைந்தது. சிரிக்கிறாள் என்றார் அவர்.

அவர் டீ குடிக்கப் போனதும் நான் குனிந்து, "நான் தப்பு பண்ணிட்டேன்டி. அன்னிக்கு உன்னை டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும்" என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் மூடிக்கொண்டது. கேட்டாளா என்று தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காலை நான் மெஷினை உருட்டிக்கொண்டு போனபோது அவள் கட்டிலைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. வென்டிலேட்டர் விடாமல் கூவியது. ஆக்சிஜன் எண் அறுபதுக்கும் கீழே. "சீக்கிரம் எடுங்க" என்றார் டாக்டர். துண்டில் சூடாக்கவெல்லாம் நேரமில்லை. எடுத்தேன்.

மெஷினிலேயே இருக்கும் சின்னத் திரையில் படம் வந்தது. வலது பக்கம் முழுக்கக் கறுப்பு. கதவு திறந்து கிடந்ததால் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கு நல்லாக் கறுப்பா இருக்கே!" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அது வேறு கறுப்பு. நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாக ஓடும், மரக்கிளை மாதிரி. இதில் ஒரு கோடுகூட இல்லை. நொந்துபோன நுரையீரல் வென்டிலேட்டரின் அழுத்தம் தாங்காமல் கிழிந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலை ஒரு மூலைக்குத் தள்ளி நசுக்கிவிட்டது. கறுப்பு நல்லது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். வேறு கறுப்பும் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கவில்லை. நர்ஸ் வந்து கதவைச் சாத்தினாள். சாத்தும் வரை அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

விலாவில் குழாய் இறக்கிக் காற்றை எடுத்தார்கள். நுரையீரல் விரியவில்லை. சற்று நேரத்தில் இதயம் நின்றது. நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினார்கள். நான் ஈய அங்கியைக்கூடக் கழற்றாமல் சுவரோடு நின்றேன். டாக்டர் மணியைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். காலை பத்து இருபது. அவளுக்கு முப்பத்தொரு வயது.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து மாப்பிள்ளை எக்ஸ்ரே அறைக்கு வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்க வந்தவர், கையில் கிரீஸ் கறையோடு வாசலில் நின்றார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு டாக்டர்கிட்டதானே நான் போகச் சொன்னேன்? இங்க வந்துட்டு வந்து, அக்கா பாத்துட்டா, ஒண்ணுமில்லைன்னுட்டான்னு சொன்னா. நீங்க அப்படித்தான் சொன்னீங்களா?"

"ஆமா தம்பி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எனக்கும் நிம்மதியாத்தான் இருந்தது" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் வேலைக்குப் போய்ட்டேன். அஞ்சாம் நாள்கூட முனகிக்கிட்டுத்தான் கிடந்தா. அண்ணிதான் பாத்துட்டாங்களேன்னு விட்டுட்டேன்." கறையைக் கைக்குட்டையில் துடைத்தார். போகவில்லை அது. "உங்களைக் கொஞ்ச நாள் பாக்க வேண்டாம்னு நினைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

"எனக்கு எதுக்குக் கோவம் வரப்போகுது?"

அவர் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அதுவரை மூன்றாம் நாள் படம் அவளுக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அன்னிக்கு நல்லா இருந்தாளா, படத்துல?"

"நல்லா இருந்தாம்மா."

"அப்ப இன்னும் ரெண்டு நாள் கையில இருந்திருக்கு."

"ஆமா."

"உனக்கு யாருடி டாக்டர் பட்டம் குடுத்தது?" என்றாள். மடித்த துணியையெல்லாம் ஒரு தள்ளு தள்ளிவிட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், இரண்டு பேரும் ஊமைகளாக நடமாடினோம். எனக்கு டீ போட்டுவைப்பாள். குடி என்று சொல்லமாட்டாள்.

அப்படி மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அளவைக் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். தங்கையின் வேலைப் பையைக் கொண்டுவந்திருந்தார். தொப்பி, தண்ணீர்க் குப்பி, அரை டப்பா மிட்டாய். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"இப்பல்லாம் வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர் தலையை ஒருத்தர் பாத்துக்கிறோம்மா. போன வாரம் எங்க டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது. இவங்க விஷயம் தெரிஞ்சதால, ரெண்டாம் நாளே டாக்டர்கிட்ட போய்ப் புல்லுல வேலைன்னு சொல்லி, அந்த மாத்திரையை வாங்கிட்டோம். நாலு நாள்ல எழுந்துட்டார்."

நல்ல செய்தி என்றுதான் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும். யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்ததும், மகள் கடைசியாக நின்று அளந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அவர் தன் வேனிலேயே எங்களை அழைத்துப் போனார். ஊரைத் தாண்டி அரை மணி நேரம். வண்டி ஒரு மண்பாதையில் நின்றது. இரண்டு பக்கமும் புல், வெயிலில் பழுத்து, காற்றுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது அடி தள்ளி ஒரு கல். உச்சியில் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண். அவள் எழுதிய எண் என்றார். எழுதும்போது பெயிண்ட் கையில் கொட்டி எல்லோருக்கும் பூசிவிட்டாளாம். அம்மாவால் அந்தப் புல்லில் நடக்க முடியாது, முட்டி வலி.

"நான் போய்ப் பாத்துட்டு வரேம்மா" என்று வேனின் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"இரு" என்றாள் அம்மா.

மூன்று வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல். இருக்கையிலிருந்து இறங்கி, முட்டி வலியோடு வண்டிப் படியில் குந்தினாள். என் பேண்ட் நுனியைச் சுருட்டி, காலுறையை இழுத்து அதற்கு மேலே ஏற்றி, இடுக்கு எங்கேயும் இல்லாதபடி சுற்றிலும் விரலால் அழுத்தினாள். ஒரு கால் முடிந்ததும் மற்றக் காலைக் காட்டச் சொன்னாள். அதற்கும் அப்படியே செய்தாள். செய்து முடித்த பிறகும் கணுக்காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவள் தலை என் முழங்காலில் சாய்ந்தது. குழுத் தலைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சீக்கிரம் வந்துடு" என்றாள். கையை மட்டும் விடவில்லை. விடும் வரை நான் அங்கேயே நின்றேன்.